மின்தடை நாளில் ஸ்டோரேஜை அணைப்பதும் திரும்ப எழுப்புவதும்

துணை மின்நிலையத்தின் பெயரைப் போட்டு, 'பராமரிப்புப் பணி, காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்சாரம் இருக்காது' என்று பேப்பரில் வந்துவிடும். சேலத்தில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். முதல் நாளே தொட்டியை நிரப்பிக்கொள்கிறோம், மாவை அரைத்து வைத்துக்கொள்கிறோம். ஆனால் அலுவலகத்தின் மூலையில், ஏசி போட்ட சின்ன அறையில் ஓடிக்கொண்டிருக்கும், எல்லாத் தரவையும் வைத்திருக்கும் டிஸ்க் பெட்டியான ஸ்டோரேஜைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. கேட்டால், "யுபிஎஸ் இருக்குதே, அது பாத்துக்கும்" என்பார்கள்.

யுபிஎஸ் பார்த்துக்கொள்ளாது. அது நமக்குக் கொஞ்சம் நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். அந்த நேரத்துக்குள் செய்ய வேண்டியதை ஓர் ஆள் செய்ய வேண்டும். இல்லையென்றால் அதை யுபிஎஸ்ஸே சொல்லிச் செய்ய வைப்பதற்கான ஏற்பாட்டையாவது ஓர் ஆள் முன்கூட்டியே செய்து வைத்திருக்க வேண்டும்.

நான் சேலத்தில் ஸ்கேன் சென்டர்கள், ஆடிட்டர் அலுவலகங்கள், செவ்வாய்ப்பேட்டை மொத்த வியாபாரக் கடைகள் என்று பல இடங்களில் இந்தப் பெட்டிகளைப் பராமரிக்கிறேன். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் அலுவலகமும் உண்டு. பெரிய இடம் என்றால் ஸ்டோரேஜை இயக்கும் இரண்டு கன்ட்ரோலர், அதற்குக் கீழே டிஸ்க்குகளை அடுக்கிய டிஸ்க் ஷெல்ஃப்கள், இரண்டு மூன்று சர்வர், நடுவில் இவற்றை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சுகள். சின்ன இடம் என்றால் நெட்வொர்க்கில் நேராக மாட்டும், நான்கு டிஸ்க் போட்ட நாஸ் பெட்டி ஒன்று. பெரியதை விரிவாகச் சொல்கிறேன். அது புரிந்துவிட்டால் சின்னது தானாக வந்துவிடும்.

எழுதியாச்சு என்று சொன்னது எங்கே இருக்கிறது?

அணைக்கும் வரிசையை மனப்பாடம் செய்வதைவிட, அது ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஸ்கேன் மெஷினிலிருந்து ஒரு படம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் அதை வாங்கி ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கொடுக்கிறது. ஆபரேட்டிங் சிஸ்டம் தன் மெமரியில் கொஞ்ச நேரம் வைத்திருந்து ஸ்டோரேஜுக்கு அனுப்புகிறது. ஸ்டோரேஜின் கன்ட்ரோலர் அதைத் தன் கேஷ் என்னும் தற்காலிக மெமரியில் வாங்கிக்கொண்டு, உடனே "எழுதியாச்சு" என்று பதில் சொல்லிவிடுகிறது. உண்மையில் டிஸ்க்கில் அது இன்னும் எழுதப்பட்டிருக்காது. வேகத்துக்காகச் செய்யும் ஏற்பாடு இது. கரண்ட் போனாலும் அந்தக் கேஷில் இருப்பது அழியாமல் இருக்கத்தான் கன்ட்ரோலருக்குள் தனியாக ஒரு பேட்டரியோ, சூப்பர் கெபாசிட்டரும் ஃபிளாஷும் சேர்ந்த அமைப்போ வைத்திருக்கிறார்கள்.

ஆக ஒரே படம் நாலு இடத்தில் நிற்கலாம். மென்பொருளிடம், சர்வர் மெமரியில், கன்ட்ரோலர் கேஷில், டிஸ்க்கில். கரண்ட் திடீரென்று போனால் முதல் இரண்டில் இருந்தது போனது போனதுதான். மூன்றாவதில் இருந்ததை அந்தப் பேட்டரி காப்பாற்றினால் உண்டு. டேட்டாபேஸ் பாதி எழுதிய நிலையில் நின்றிருந்தால், திரும்ப எழும்போது தன் பதிவேட்டைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளப் பார்க்கும். பெரும்பாலும் சரியாகிவிடும். எப்போதும் சரியாகும் என்று யாரும் உறுதி தர முடியாது. பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் தரவு தப்பும்படி எழுதும் ரெய்டு 5 முறையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தரவு எழுதப்பட்டு, அதற்கான பாரிட்டி (பழுதான டிஸ்க்கின் தரவைத் திரும்பக் கணக்கிட உதவுவது) எழுதப்படாமல் நின்றுவிட்டால், அந்தப் பிழை அப்படியே ஒளிந்திருந்து, பின்னொரு நாள் டிஸ்க் மாற்றும்போது கெட்ட தரவாக வெளியே வரும்.

அதனால் அணைக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இன்னும் யார் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்? எழுதுபவரை முதலில் நிறுத்த வேண்டும். அப்புறம் அவர் எழுதியதை வாங்கி வைத்திருப்பவர், அவருக்குக் கீழே இருப்பவர் என்று மேலிருந்து கீழே வர வேண்டும். எழுப்பும்போது கீழிருந்து மேலே போக வேண்டும்.

முதல் நாள் மாலை

அணைக்கத்தான் வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஜெனரேட்டர் இருக்கிறது, அது சர்வர் அறை ஏசியையும் சேர்த்து இழுக்கிறது, டீசல் இருக்கிறது என்றால் அணைக்காமல் விடுவதே மேல் என்பது என் கருத்து. வருடக்கணக்காக நிற்காமல் சுற்றிய டிஸ்க்குகளில் சில, ஒருமுறை நிறுத்தினால் மறுபடி சுற்றுவதில்லை. ஆனால் பல இடங்களில் ஜெனரேட்டர் கம்ப்யூட்டருக்கும் லைட்டுக்கும்தான் இணைத்திருப்பார்கள், ஏசிக்கு இருக்காது. சித்திரை வெயிலில், மூடிய அறையில், ஏசி இல்லாமல் இந்தப் பெட்டிகளை ஓட விடுவதற்கு அணைப்பது எவ்வளவோ தேவலை.

அணைப்பது என்று முடிவானால், பேக்கப் எடுத்து, அதிலிருந்து ஒன்றிரண்டு ஃபைலைத் திறந்தும் பார்த்துவிடுங்கள். அப்புறம் ஸ்டோரேஜின் நிர்வாகத் திரையில் மூன்றைப் பாருங்கள். ஏதாவது டிஸ்க் பழுதாகி, அதன் தரவை மாற்று டிஸ்க்கில் திரும்ப எழுதும் ரீபில்டு ஓடுகிறதா? ஓடினால் அது முடியும் வரை அணைக்கும் பேச்சே வேண்டாம், ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்தாவது ஓட்டுங்கள். கேஷ் பேட்டரி நல்ல நிலையில் இருக்கிறதா? இரண்டு கன்ட்ரோலரும், எல்லாப் பவர் சப்ளையும் பச்சையா? மறுநாள் மாலை எழுப்பும்போது ஒரு விளக்கு மஞ்சளாக எரிந்தால், அது நேற்றே அப்படித்தான் இருந்ததா என்று தெரிய வேண்டும். அதற்காக நான் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வேன். கேபிள் எது எங்கே போகிறது என்பதும் அதிலேயே வந்துவிடும்.

கரண்ட் இல்லாத நாள்தானே, பெட்டியின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரையும் புதிதாக ஏற்றிவிடலாம், கேபிளையும் மாற்றிக் கட்டிவிடலாம் என்று சிலருக்குத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். திரும்ப எழாவிட்டால் எதனால் எழவில்லை என்று கண்டுபிடிக்க முடியாமல் போய்விடும்.

அணைக்கும் வரிசை

ஒன்பது மணிக்குக் கரண்ட் போகும் என்றால் ஏழரைக்கே ஆரம்பித்துவிடுங்கள். எட்டே முக்காலுக்கே போய்விட்ட நாட்களும் உண்டு.

முதலில் ஆட்கள். ஸ்கேன் சென்டர் என்றால் டெக்னீஷியன்களிடம் சொல்லி, சிடி, எம்ஆர்ஐ மெஷின்களிலிருந்து படம் அனுப்புவதை நிறுத்தச் சொல்லுங்கள். அனுப்பாத படங்கள் அந்த மெஷினிலேயே வரிசையில் நிற்கும், பயமில்லை. ரிசப்ஷனில் பில் போடுவது, டாக்டர்கள் வீட்டிலிருந்து ரிப்போர்ட் பார்ப்பது எல்லாம் நிற்கட்டும். தானாக ஓடும் பேக்கப் வேலைகள், அந்தந்த நேரத்து நிலையைப் பதியும் ஸ்னாப்ஷாட், வேறிடத்துக்குப் பிரதி எடுக்கும் ரெப்ளிகேஷன், இவற்றின் நேர அட்டவணையையும் நிறுத்தி வையுங்கள். பாதியில் ஒன்று தானாகக் கிளம்பிவிடக் கூடாது.

அப்புறம் மென்பொருள் சர்வீஸ், அதன் பிறகு டேட்டாபேஸ். டேட்டாபேஸை அதற்குரிய முறையில் நிறுத்துங்கள். அது தன்னிடம் இருப்பதை எல்லாம் எழுதி முடித்துவிட்டுத்தான் நிற்கும், சில நிமிடம் ஆகலாம். இதற்குப் பொறுமை இல்லாமல் விர்ச்சுவல் மெஷினை (சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் கம்ப்யூட்டரை) நேராகப் பவர் ஆஃப் செய்வது, ஓடும் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்குவதற்குச் சமம். உள்ளேயிருந்து ஷட்டவுன் கொடுப்பதும் வெளியிலிருந்து பவர் ஆஃப் கொடுப்பதும் ஒரே மெனுவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கவனம் வேண்டும்.

விர்ச்சுவல் மெஷின்களில் டிஎன்எஸ் (கம்ப்யூட்டர் பெயரை ஐபி எண் என்னும் நெட்வொர்க் முகவரியாக மாற்றுவது), ஆக்டிவ் டைரக்டரி (பயனர் கணக்குகளைச் சரிபார்ப்பது), விசென்டர் (விர்ச்சுவல் மெஷின்களை நிர்வகிப்பது) மூன்றையும் கடைசிக்கு வையுங்கள். மற்றவற்றை நிறுத்தவே அவை தேவைப்படும். ஹெச்ஏ கிளஸ்டர் (சர்வர்கள் ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்கும் ஏற்பாடு) இருந்தால் முதலில் அதை முடக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் நாம் ஒரு சர்வரை அணைக்க, அது செத்துவிட்டது என்று நினைத்து அடுத்த சர்வர் அங்கிருந்த மெஷின்களை எழுப்ப ஆரம்பித்துவிடும். அப்புறம் சர்வர்கள்.

இப்போது ஸ்டோரேஜை மட்டும் தனியாகப் பாருங்கள். நிர்வாகத் திரையில், நொடிக்கு எத்தனை முறை எழுதப்படுகிறது, படிக்கப்படுகிறது என்று ஒரு கிராஃப் ஓடும். எல்லா சர்வரும் அணைந்துவிட்டதென்றால் அந்தக் கோடு கிட்டத்தட்டத் தரையில் படுத்திருக்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடையில் எல்லாவற்றையும் அணைத்த பிறகும் கோடு படுக்கவே இல்லை. பெரிதாக ஏறவும் இல்லை, ஒரே சீராக எழுதிக்கொண்டே இருந்தது. எந்த ஐபியிலிருந்து இணைப்பு இருக்கிறது என்று பார்த்தால், சிசிடிவி ரெக்கார்டர். அதனுள் இருந்த டிஸ்க் நிறைந்துவிட்டதால், கேமரா மாட்ட வந்தவர் யாரிடமும் சொல்லாமல் ஸ்டோரேஜில் ஒரு பகிர்ந்த ஃபோல்டரைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். கடை முதலாளிக்கே தெரியாது. அந்தக் கிராஃபைப் பார்க்காமல் அணைத்திருந்தால், எழுதிக்கொண்டிருக்கும்போதே அதன் காலடியில் இருந்த தரையை உருவியது போல் ஆகியிருக்கும். கோடு படுக்கவில்லை என்றால் மேலே போகாதீர்கள். யார் என்று கண்டுபிடியுங்கள்.

கோடு படுத்த பிறகு ஸ்டோரேஜின் திரையிலேயே ஷட்டவுன் கொடுங்கள். இரண்டு கன்ட்ரோலருக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் கொடுத்தால், மற்றது அதன் வேலையைத் தான் எடுத்துக்கொண்டு ஓடும். இனிதான் காத்திருப்பது. கன்ட்ரோலர் தன் கேஷில் இருப்பதை எல்லாம் டிஸ்க்கில் இறக்குகிறது. பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும், சில சமயம் அதிகமும் ஆகும். போன வருடம் ஸ்கேன் சென்டர் பையன் ஒருவன் போனில் கேட்டான்:

"அண்ணா, ஷட்டவுன் குடுத்தாச்சுங்க. ஒரு லைட்டு மட்டும் மஞ்சளா மின்னிட்டே இருக்குது. பின்னாடி சுவிட்சை ஆஃப் பண்ணிறட்டுங்களா?"

"வேண்டாம் தம்பி. அது மின்னுற வரைக்கும் கை வைக்காதே. ஃபேன் சத்தம் கேக்குதா?"

"கேக்குதுங்கண்ணா."

"அப்ப உள்ள இன்னும் வேலை நடக்குது. நின்னதும் சொல்லு."

எந்த விளக்கு எப்படி எரிந்தால் முடிந்தது என்று அர்த்தம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்கள் பெட்டியின் மேனுவலில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோலர் நின்ற பிறகுதான் டிஸ்க் ஷெல்ஃபின் சுவிட்ச். கன்ட்ரோலர் உயிரோடு இருக்கும்போது ஷெல்ஃபை அணைத்தால், அதன் கண்ணுக்கு ஒரே நேரத்தில் பன்னிரண்டு டிஸ்க் செத்துப்போனது போல் தெரியும். ஒவ்வொரு ஷெல்ஃபுக்கும் இரண்டு பவர் கேபிள் இருக்கும், இரண்டையும் அணைக்க வேண்டும். அணைத்த பிறகு டிஸ்க்குகள் சுற்றி ஓய்வதற்கு அரை நிமிடமாவது விடுங்கள். நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றிக்கொண்டிருந்தவை அவை. அது நிற்கும் முன் பெட்டியை நகர்த்துவதோ டிஸ்க்கை உருவுவதோ கூடாது.

கடைசியாக நெட்வொர்க் சுவிட்சுகள். அப்புறம் யுபிஎஸ், அதன் பிறகு மின் பலகையில் இருக்கும் எம்சிபி சுவிட்ச். எம்சிபியைக் கீழே தள்ளி வைப்பதை மறக்காதீர்கள். மாலையில் கரண்ட் வரும்போது முதல் அடியை வாங்குவது உங்கள் பெட்டியாக இருக்கக் கூடாது.

எழுப்புவது

கரண்ட் வந்தவுடனே ஓடிப்போய் சுவிட்சைப் போடாதீர்கள். லைன் கொடுத்த பிறகு ஒன்றிரண்டு முறை போய்ப் போய் வரும். வோல்டேஜும் ஏறி இறங்கும். டவுனில் நான் அரை மணி நேரம் விடுவேன். அதற்குள் ஏசியைப் போட்டு அறையைக் குளிர விடலாம், யுபிஎஸ்ஸைப் போட்டு அதன் திரையில் உள்ளே வரும் வோல்டேஜ் 230-ஐ ஒட்டி நிலையாக நிற்கிறதா என்று பார்க்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதே இல்லை. யுபிஎஸ் பேட்டரி எவ்வளவு ஏறியிருக்கிறது? எழுப்பிக்கொண்டிருக்கும்போதே மறுபடி கரண்ட் போனால், எல்லாவற்றையும் முறையாக அணைப்பதற்குத் தேவையான சார்ஜ் பேட்டரியில் இருக்க வேண்டும். அணைக்க இருபது நிமிடம் ஆகும் என்றால், இருபது நிமிடம் தாங்கும் அளவுக்குச் சார்ஜ் ஏறிய பிறகே எழுப்ப ஆரம்பியுங்கள். டாக்டர் அவசரப்படுத்துவார், மேனேஜர் அவசரப்படுத்துவார். இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வரிசை தலைகீழ். முதலில் நெட்வொர்க் சுவிட்சுகள், அவை முழுவதும் எழட்டும். அடுத்து டிஸ்க் ஷெல்ஃப்கள். டிஸ்க் சுற்றத் தொடங்கும் அந்தச் சில நொடியில்தான் அதிக மின்சாரம் இழுக்கும். ஒரு 3.5 அங்குல டிஸ்க் அப்போது 12 வோல்ட்டில் ஏறக்குறைய 2 ஆம்பியர், அதாவது 25 வாட் அளவுக்கு எடுக்கும். ஓடத் தொடங்கிய பின் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. 24 டிஸ்க் ஒரே நேரத்தில் கிளம்பினால் 600 வாட். இதற்காகவே பல ஷெல்ஃப்கள் டிஸ்க்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்பும். ஆனாலும் ஒரு ஷெல்ஃபைப் போட்டு, விளக்குகள் நிலையான பிறகு அடுத்ததைப் போடுங்கள். இரண்டு நிமிடம் தாமதமானால் குடி முழுகிவிடாது.

எல்லா ஷெல்ஃபும் நிலையான பின் கன்ட்ரோலர். கன்ட்ரோலர் முந்திக்கொண்டால், எழுந்து பார்க்கும்போது டிஸ்க்குகள் கண்ணில் படாது. டிஸ்க்குகளைச் சேர்த்து உருவாக்கிய தரவுப் பகுதியான வால்யூமை ஆஃப்லைன் என்று போட்டுவிடும், அல்லது பாதி டிஸ்க் பழுது என்று குறித்துவிடும். அதைத் திரும்பச் சரிசெய்ய ஒரு நாள் போய்விடும். கன்ட்ரோலர் எழப் பத்து நிமிடம், சில மாடலில் அதற்கு மேலும் ஆகும். நடுவில் திரை ஒன்றுமே காட்டாமல் இருக்கும். அந்த நேரத்தில் ஆஃப் செய்து ஆன் செய்வதைப் போல் கெடுதல் வேறு இல்லை.

எழுந்ததும் நேற்று எடுத்த படத்தோடு விளக்குகளை ஒப்பிடுங்கள். எத்தனை டிஸ்க் இருக்க வேண்டுமோ அத்தனையும் இருக்கிறதா, வால்யூம்கள் ஆன்லைனா, கேஷ் பேட்டரி சார்ஜ் ஆகிறதா? பேட்டரி போதுமான அளவு ஏறும் வரை சில கன்ட்ரோலர்கள் கேஷைப் பயன்படுத்தாமல் நேராக டிஸ்க்கில் எழுதும். அதனால் முதலில் கொஞ்சம் மந்தமாக இருக்கும். அது பழுது இல்லை.

இனி சர்வர்கள். ஸ்டோரேஜ் தயாராகும் முன் சர்வர் எழுந்துவிட்டால் அதற்கு டேட்டாஸ்டோர் (விர்ச்சுவல் மெஷின்கள் இருக்கும் இடம்) தெரியாது, திரும்பத் தேடச் சொல்லி ரீஸ்கேன் கொடுக்க வேண்டியிருக்கும். லினக்ஸ் சர்வர் என்றால் ஸ்டோரேஜ் மவுன்ட் ஆகாமல் (இணையாமல்) எமர்ஜென்சி மோடில் போய் உட்கார்ந்துகொள்ளும். சர்வர் எழுந்ததும் டிஎன்எஸ், ஆக்டிவ் டைரக்டரி மெஷின்கள், அப்புறம் விசென்டர், அப்புறம் டேட்டாபேஸ், கடைசியில் மென்பொருள்.

இந்த இடத்தில் பலர் மாட்டிக்கொள்வார்கள். ஸ்டோரேஜுக்குள் நுழைய, ஆக்டிவ் டைரக்டரி சரிபார்க்கும் டொமைன் கணக்குதான் வைத்திருப்பார்கள். அந்த டொமைன் சர்வர் ஒரு விர்ச்சுவல் மெஷின். அது இருப்பது அதே ஸ்டோரேஜில். ஸ்டோரேஜில் ஏதாவது சிக்கலென்றால் உள்ளே போகக் கடவுச்சொல் கேட்கும், அதைச் சரிபார்க்க வேண்டிய மெஷின் எழுந்திருக்காது. எழுப்பும் முறையை எழுதி வைத்த ஃபைலும் அதே ஸ்டோரேஜில்தான் இருக்கும். ஸ்டோரேஜிலும் சர்வர்களிலும், அந்தப் பெட்டியே சரிபார்க்கும் உள்ளூர்க் கணக்கு ஒன்று வைத்திருங்கள். ஐபி எண்கள் காகிதத்தில் இருக்கட்டும்.

எல்லாம் ஓடியதும் ஆட்களை விடுவதற்கு முன், ஒரு சோதனைப் படம் அனுப்பிப் பாருங்கள், ஒரு பழைய நோயாளியின் படத்தைத் திறந்து பாருங்கள். நிறுத்தி வைத்த பேக்கப், ரெப்ளிகேஷன் அட்டவணைகளைத் திரும்ப ஓட விடுங்கள். இதை மறந்து, மாதக்கணக்கில் பேக்கப் இல்லாமல் ஓடிய இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

சொல்லாமல் போனால்

யுபிஎஸ்ஸும் தீர்ந்து எல்லாம் ஒரேயடியாக அணைந்துவிட்டது என்றால், முதலில் எதையும் பிடுங்காதீர்கள். கேஷில் எழுதப்படாத தரவு இருக்கலாம். பேட்டரி வகைக் கேஷ் என்றால் அது ஏறக்குறைய 72 மணி நேரம் தாங்கும், பழைய பேட்டரி அவ்வளவு தாங்காது. ஃபிளாஷில் இறக்கி வைக்கும் வகை இன்னும் நீண்ட நாள் தாங்கும். எப்படியானாலும் கன்ட்ரோலரைக் கழற்றுவதோ, பேட்டரியை எடுப்பதோ, டிஸ்க்கை இடம் மாற்றுவதோ கூடாது. கரண்ட் வந்ததும் மேலே சொன்ன வரிசையில் எழுப்புங்கள்.

எழும்போது சர்வரின் கறுப்புத் திரையில் 'பிரிசர்வ்ட் கேஷ்' என்றோ 'ஃபாரின் கான்ஃபிகரேஷன்' என்றோ ஒரு கேள்வி வந்து நிற்கலாம். 'டிஸ்கார்ட்' அல்லது 'கிளியர்' கொடுத்தால் உடனே பூட் ஆகிவிடும் போல் தெரியும். டிஸ்கார்ட் என்றால் காப்பாற்றி வைத்த தரவைத் தூக்கி எறிவது. கிளியர் என்றால் இந்த டிஸ்க்குகள் எந்த ரெய்டைச் சேர்ந்தவை என்ற அடையாளத்தையே அழிப்பது. இரண்டில் எதையும் அழுத்தாமல், திரையைப் படம் எடுத்து, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். பல சமயம் ஏதாவது ஒரு ஷெல்ஃபின் கேபிள் தளர்ந்திருக்கும் அல்லது அதற்குப் பவர் வந்திருக்காது. அதைச் சரிசெய்து திரும்ப எழுப்பினாலே கேள்வி மறைந்துவிடும்.

டிஸ்க்கின் தலைகள் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதப்பவை. கரண்ட் திடீரென்று போனால், தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் வேகத்தில் கிடைக்கும் மின்சாரத்தைக் கொண்டே தலையை இழுத்து ஓரத்தில் வைத்துவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் அது முரட்டு இழுப்பு. டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலில், பெரும்பாலான டிஸ்க்குகளில் 192-ஆம் எண் இந்தக் கணக்கைத்தான் வைத்திருக்கிறது. அந்த எண் ஏறிக்கொண்டே போனால் அந்த இடத்தில் அணைக்கும் பழக்கம் சரியில்லை என்று அர்த்தம். பழுதான இடங்களை எண்ணும் 5, 197 இரண்டும் ஏறினால் டிஸ்க்கையே மாற்றும் நேரம் வந்துவிட்டது.

சின்னப் பெட்டியும் மலையும்

சினாலஜி, கியூநாப் போன்ற நாஸ் பெட்டிக்கு இத்தனை வரிசை வேண்டாம். கம்ப்யூட்டர்களில் திறந்திருக்கும் ஃபைல்களை மூடச் சொல்லிவிட்டு, திரையிலிருந்து ஷட்டவுன் கொடுங்கள். திரைக்குப் போக முடியாவிட்டால் பவர் பட்டனைப் பீப் சத்தம் கேட்கும் வரை மட்டும் அழுத்தி விட்டுவிடுங்கள். பிடித்துக்கொண்டே இருந்தால் அது வலுக்கட்டாயமாக அணைப்பதாகிவிடும். யுபிஎஸ்ஸிலிருந்து நாஸுக்கு ஒரு யுஎஸ்பி கேபிள் கட்டாயம் போடுங்கள். கரண்ட் போய் இத்தனை நிமிடம் ஆனால் தானே அணைந்துகொள் என்று அதற்குச் சொல்லி வைக்கலாம். 'பேட்டரி தீரும் நிலைக்கு வரும்போது' என்ற தேர்வும் இருக்கும். அதை நம்பாதீர்கள். பழைய பேட்டரி 80 சதவீதம் என்று காட்டிக்கொண்டே இருந்துவிட்டுச் சட்டென்று செத்துவிடும். ஐந்து நிமிடம் என்று நேரக் கணக்கில் வைப்பதே சரி. வீட்டு இன்வெர்ட்டரில் இதை மாட்டக் கூடாது. கம்ப்யூட்டர் பவர் சப்ளை கரண்ட் இல்லாமல் தாங்குவது சுமார் 16 மில்லிநொடிதான். பல இன்வெர்ட்டர்கள் மாறிக்கொள்ள அதைவிட அதிகம் எடுக்கும்.

'கரண்ட் வந்ததும் தானாக எழு' என்று ஒரு தேர்வு இருக்கிறதே, டவுனில் அதைப் போட்டு வைக்கலாம். ஏற்காட்டில் நான் அணைத்து வைத்துவிடுவேன். சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல் இடி இறங்கும்போது அங்கே கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும். பெட்டி பாதி எழுந்து, திரும்பச் சாகும், திரும்ப எழும். வானம் தெளிந்த பிறகு எஸ்டேட் அக்கா ஒருவர் போய் பட்டனை அழுத்தினால் போதும்.

இடி மழைக்காலத்தில் பவர் பிளக்கை மட்டும் பிடுங்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். மின்னல் லேன் கேபிள் வழியாகவும் வரும். பங்களாவிலிருந்து குடோனுக்குத் திறந்தவெளியில் செம்புக் கேபிள் இழுத்திருந்தால், அதுவே அதற்கு வழி. அணைத்த பிறகு லேன் கேபிளையும் கழற்றி வையுங்கள். கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர் போடுவதுதான் நிரந்தரத் தீர்வு.

பனியும் ஈரமும் அடுத்த கவலை. 1,500 மீட்டர் உயரத்தில் ஐப்பசி, கார்த்திகையில் மேகம் ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்து நிற்கும். பல நாள் அணைந்து கிடந்த பெட்டியை அந்த நேரத்தில் நேராகப் போடாமல், அறையில் ஹீட்டரோ பல்போ போட்டுக் கொஞ்சம் உலர விட்டுப் போடுங்கள். ஓடிக்கொண்டே இருக்கும் பெட்டிக்கு இந்தத் தொல்லை குறைவு, அதன் சூடே அதைக் காப்பாற்றும். ரிப்பேருக்காக மலையிலிருந்து கீழே கொண்டுவர வேண்டுமென்றால், டிஸ்க்குகளை வெளியே எடுத்து, எந்த டிஸ்க் எந்த இடம் என்று டேப்பில் எண் எழுதி ஒட்டி, ஒவ்வொன்றையும் தனியாக ஸ்பாஞ்சில் சுற்றி எடுத்து வாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, டிக்கியில் உருள விடக் கூடாது. அடிவாரத்தில் இறங்கியதும் அவசரமாகத் திறக்கவும் கூடாது. குளிர்ந்த உலோகத்தின் மேல் கீழே உள்ள வெதுவெதுப்பான காற்று பட்டால் நீர் கோத்துக்கொள்ளும். மூடியபடியே இரண்டு மூன்று மணி நேரம் அறைச் சூட்டுக்கு வர விட்டு, அப்புறம் பிரியுங்கள்.

யுபிஎஸ் பேட்டரியும் கதவில் ஒட்டும் தாளும்

மேலே சொன்ன எல்லாமே யுபிஎஸ் சொன்ன நேரத்துக்குத் தாங்கும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. இந்த மூடிய வகை ஈய பேட்டரிகள் 25 டிகிரியைக் கணக்கில் வைத்துச் செய்யப்பட்டவை. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். கோடையில் 40-ஐத் தொடும் ஊரில், ஏசி இல்லாத மாடிப்படிக்குக் கீழே யுபிஎஸ்ஸை வைத்துவிட்டு ஐந்து வருடம் எதிர்பார்க்க முடியாது. மூன்று வருடத்தில் மாற்றிவிடுங்கள். மின்தடை நாளில் அணைத்து முடித்ததும், வெறும் நெட்வொர்க் சுவிட்சையும் ஒரு பழைய கம்ப்யூட்டரையும் மட்டும் அதில் மாட்டி எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பார்ப்பது நல்ல சோதனை. ஆனால் அன்று மாலை அது மறுபடி சார்ஜ் ஏற நேரம் எடுக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாளில் இவை இருக்கட்டும்: அணைக்கும் வரிசை, எழுப்பும் வரிசை, ஒவ்வொரு பெட்டியின் பெயரும் ஐபி எண்ணும், அதே பெயர் பெட்டியின் முன்னும் பின்னும் ஒட்டியிருக்க வேண்டும், ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று போன முறை குறித்தது, கூப்பிட வேண்டிய போன் எண்கள். ஒரு பிரதி சர்வர் அறைக் கதவில், இன்னொன்று மேனேஜர் மேசையில். கடவுச்சொல் மட்டும் கதவில் வேண்டாம். அதை உறையில் போட்டு ஒட்டி, பீரோவில் வைத்து, சாவி யாரிடம் இருக்கிறது என்று தாளில் எழுதுங்கள். கடவுச்சொல்லை மாற்றினால் அன்றே உறைக்குள் இருக்கும் சீட்டையும் மாற்றிவிடுங்கள்.